‘சைனா சரக்கு’ பறக்குமா?

2011 ஜனவரி 11. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் சீன அதிபர் ஹூ ஜின்டாவோவைச் சந்திக்க பெய்ஜிங்கில் இருந்தார். அதே நாளில் செங்டு நகரத்து விமானத்தள வேலிக்கு வெளியே கேமராவும் கையுமாகக் காத்திருந்தவர்களின் தலைக்கு மேல், நீண்ட உடல்வாகு கொண்ட ஒரு கறுப்பு விமானம் ஏறிப் போனது. சுமார் கால் மணி நேரம் சுற்றிவிட்டுத் தரையிறங்கியது. அதுதான் ஜே-20, ரேடாரில் எளிதில் சிக்காத ‘ஸ்டெல்த்’ வகையில் சீனாவின் முதல் போர் விமானம்.

அன்று நம்மூரில் எழுந்த பேச்சு ஒன்றுதான்: “சைனா சரக்குதானே, நாலு நாள் தாங்குமா?” இப்போது காற்று திசை மாறிவிட்டது. “சைனாக்காரன் அமெரிக்காவையே தூக்கிச் சாப்பிட்டுட்டான்” என்று அதே வாய்கள் சொல்கின்றன. இரண்டு பேச்சுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுவது விமானத்தின் முகத்தைக் காட்டும் படங்கள். கதை இருப்பது பின்பக்கம், நெருப்பு உமிழும் அந்தக் குழாய்க்குள். அங்கிருந்து பார்த்தால் பல நம்பிக்கைகள் கொஞ்சம் ஆட்டம் காண்கின்றன.

நம்பிக்கை 1: “எல்லாமே காப்பி. திருடினான், செய்தான்.”

உண்மை: தொடக்கம் காப்பிதான்; அதில் ஒளிவுமறைவு இல்லை. 1956இல் ஷென்யாங்கில் பறந்த ஜே-5, சோவியத் மிக்-17இன் மறுபதிப்பு. அடுத்து வந்த ஜே-6 மிக்-19, ஜே-7 மிக்-21. ஆனால் அந்த மிக்-17இன் எஞ்சினுக்கே மூலம், 1946இல் பிரிட்டன் சோவியத்துக்கு விற்ற ரோல்ஸ் ராய்ஸின் ‘நீன்’. இந்தத் தொழிலில் யாருடைய பாட்டியும் பத்தினி என்று சத்தியம் செய்ய முடியாது.

திருட்டும் நடந்திருக்கிறது. எஃப்-22, எஃப்-35 விமானத் தகவல்களைக் கணினி வழியாகக் களவாடச் சதி செய்த ஒரு சீனருக்கு 2016இல் அமெரிக்க நீதிமன்றம் 46 மாதச் சிறை விதித்தது. அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்தின் எஞ்சின் விசிறித் தொழில்நுட்பத்துக்குக் குறிவைத்த சீன உளவு அதிகாரி பெல்ஜியத்தில் பிடிபட்டு, 2022இல் அமெரிக்காவில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சரி, வரைபடம் கைக்கு வந்துவிட்டால் எஞ்சின் வந்துவிடுமா? இதற்குச் சீனாவே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1975இல் ரோல்ஸ் ராய்ஸின் ‘ஸ்பே’ எஞ்சினைத் தயாரிக்க முறைப்படி உரிமம் வாங்கியது. திருட்டு இல்லை, பேரம் பேசிக் காசு கொடுத்து வாங்கியது. வரைபடம், செய்முறை, பயிற்சி எல்லாம் வந்தன. சீனாவில் கோத்த முதல் எஞ்சின்கள் பிரிட்டனில் சோதனையும் பார்த்தன. ஆனால் உள்ளே போகும் உலோகக் கலவைகளைச் சொந்த உலையில் காய்ச்சி, எல்லாப் பாகங்களையும் உள்நாட்டிலேயே செய்து, ‘சின்லிங்’ என்று பெயரிட்டுத் தரச்சான்று வாங்கும்போது ஏறக்குறைய 2003 ஆகிவிட்டது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிய தேர்வில் தேறக் கால் நூற்றாண்டுக்கும் மேல்.

காப்பி அடிப்பவர் செய்யாத வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1969இல் முதன்முதலில் பறந்த ஜே-8, சீனர்களே வடிவமைத்த விமானம். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது அது பயங்கரமாக உதறியது, காரணம் பிடிபடவில்லை. 1978இல் அதன் வடிவமைப்பாளர் கு சோங்ஃபென், விமானத்தின் பின்னுடலில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டச் சொன்னார். பிறகு ஒரு பயிற்சி விமானத்தில் பின்னிருக்கையில் ஏறி, ஜே-8க்குப் பின்னாலேயே நெருங்கிப் பறந்து, எந்த நூல் காற்றோடு படிகிறது, எது தாறுமாறாகத் துடிக்கிறது என்று கண்ணால் பார்த்தார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. போர் விமானத்தில் பறக்கும் பயிற்சி கிடையாது. ஜே-8இன் முதல் தலைமை வடிவமைப்பாளரான அவருடைய சகலை, 1965இல் கெய்ரோ அருகே நடந்த பயணிகள் விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். அதனால் வீட்டில் சொல்லாமலே பறந்தார். மூன்று முறை பறந்து, காற்று எங்கே பிய்த்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். இந்தப் பாடம் எந்தத் திருட்டு வரைபடத்திலும் கிடைக்காது.

நம்பிக்கை 2: “விமானமே செய்பவனுக்கு எஞ்சின் ஒரு பெரிய விஷயமா?”

உண்மை: விமானத்தின் உடலைச் செய்யத் தெரிந்த நாடுகளை எண்ண இரண்டு கை வேண்டும். உயர்தரப் போர் விமான எஞ்சினை அடி முதல் நுனி வரை தானே செய்யும் நாடுகளுக்கு ஒரு கை போதும். காரணம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் டர்பைன் பிளேடு.

எரிப்பறையிலிருந்து அந்தப் பிளேடின் மீது பாயும் வாயுவின் வெப்பம் நவீன எஞ்சின்களில் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவையோ 1,300 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். உருக வேண்டிய சூட்டில் உருகாமல் நின்று, நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழன்று, பல டன் இழுவிசையையும் தாங்க வேண்டும். அதற்காகப் பிளேடின் உள்ளே நுண்ணிய குழாய்கள் விட்டுக் காற்றைச் செலுத்துகிறார்கள். வெளியே பீங்கான் பூச்சு பூசுகிறார்கள்.

செய்முறையின் முதல் பாதி சுவாமிமலை ஸ்தபதிக்குப் புதிதல்ல. மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சு ஏற்றிக் காயவிட்டு, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. பஞ்சலோகத்துக்குப் பதில் நிக்கல் கலவை. களிமண்ணுக்குப் பதில் பீங்கான். ஊற்றுவது வெற்றிட உலைக்குள். இரண்டாம் பாதியில்தான் வித்தை. சாதாரணமாக ஆறும் உலோகத்தில் ஆயிரக்கணக்கான படிகங்கள் உருவாகும். அவை சேரும் ஓரங்கள்தான் சூட்டில் முதலில் விட்டுக்கொடுக்கும். ஆகவே அச்சின் அடியில் பன்றிவால் போலச் சுருண்ட குறுகிய வழி ஒன்றை வைத்து, ஒரே ஒரு படிகம் மட்டும் மேலே வளர விடுகிறார்கள். அச்சை உலையிலிருந்து மிக மெதுவாகக் கீழே இறக்க, பிளேடு முழுக்க ஒற்றைப் படிகமாக உறைகிறது. ஒன்றைச் செய்து காட்டுவது ஆய்வகத்தின் சாதனை. பத்தாயிரத்தைச் செய்து, அத்தனையும் ஒரே தரத்தில் இருப்பது தொழிற்சாலையின் பழக்கம். பழக்கத்தை எந்த உளவாளியும் பென் டிரைவில் கொண்டுவந்துவிட முடியாது.

நம்பிக்கை 3: “சீன விமானங்கள் இன்னும் ரஷ்ய எஞ்சினில்தான் ஓடுகின்றன.”

உண்மை: இது பழைய செய்தி. ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. 1998இல் பறந்த ஜே-10க்கு ரஷ்யாவின் ஏ.எல்-31 எஞ்சின்தான். ஜே-20இன் தொடக்கக் கால விமானங்களிலும் அதே குடும்பத்து எஞ்சின்களே.

மாற்று எஞ்சினாக வந்தது டபிள்யூஎஸ்-10. சீனா தன் போர் விமான எஞ்சின்களுக்கு மலைப் பெயர் சூட்டுவது வழக்கம்; இதன் பெயர் ‘தைஹாங்’. 1980களின் நடுவில் வேலை தொடங்கி, 2002இல் ஒரு சுகோய்-27 விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். ஒரு பக்கம் தைஹாங், மறுபக்கம் நம்பகமான ரஷ்ய எஞ்சின். புதியது நடுவானில் நின்றாலும் பழையது வீடு கொண்டு சேர்த்துவிடும். படைக்கு வந்த பிறகும் தரக்குறைவு தொல்லை கொடுத்தது. தைஹாங்குக்காக உருவான இரட்டை எஞ்சின் விமானமான ஜே-11பி-யின் ஒரு தொகுதிக்கு மீண்டும் ரஷ்ய எஞ்சின் பூட்ட வேண்டியிருந்தது.

ஒரு நாடு தன் எஞ்சினை உண்மையிலேயே நம்புகிறதா என்று அறிய அதிகாரிகளின் பேட்டியைப் படிக்க வேண்டாம். அதை ஒற்றை எஞ்சின் விமானத்தில் எப்போது பொருத்துகிறது என்று பார்த்தால் போதும். அங்கே எஞ்சின் நின்றால் விமானிக்கு மிச்சம் இருப்பது பாராசூட் மட்டும். இரட்டை எஞ்சின் விமானங்களில் பத்தாண்டுக்கு மேல் ஓட்டிப் பார்த்த பிறகே சீனா ஒற்றை எஞ்சின் ஜே-10க்குத் தைஹாங்கைப் பெருமளவில் கொடுத்தது. 2018 நவம்பரில் ஜூஹாய் விமானக் கண்காட்சியில், வாயை எந்தப் பக்கமும் திருப்பும் தைஹாங் எஞ்சினோடு ஒரு ஜே-10 வானத்தில் குட்டிக்கரணம் போட்டது. 2021 கண்காட்சியில் ஜே-20யும் உள்நாட்டு எஞ்சினோடு வந்து நின்றது.

ரஷ்ய வாடை முழுக்கப் போய்விடவும் இல்லை. பாகிஸ்தானுடன் சேர்ந்து உருவாக்கிய ஜே.எஃப்-17 ரஷ்யாவின் ஆர்.டி-93 எஞ்சினில்தான் பறந்து வந்திருக்கிறது. பாகிஸ்தான் 2022 முதல் வாங்கியிருக்கும் ஜே-10சிஇ விமானத்திலோ இருப்பது சீன எஞ்சின். இரண்டையும் ஒரே கூடையில் போடுவது தவறு.

நம்பிக்கை 4: “இனி அமெரிக்கா பின்னாலே வர வேண்டியதுதான்.”

உண்மை: வேகம் மிரட்டுகிறது, அதை மறைக்க வேண்டாம். 2024 நவம்பரில் இன்னொரு ஸ்டெல்த் விமானமான ஜே-35ஏ வெளிச்சத்துக்கு வந்தது. 2025இல் ‘ஃபூஜியான்’ விமானந்தாங்கிக் கப்பலின் மின்காந்தக் கவணிலிருந்து ஜே-35 பாய்ந்தது. ஜே-20க்காகவே உருவாகும் டபிள்யூஎஸ்-15 எஞ்சின் பறக்கும் சோதனைக்கு வந்துவிட்டது. அதன் உந்துவிசை அமெரிக்க எஃப்-22 விமானத்தின் எஃப்-119 எஞ்சினைவிட அதிகம் என்று பலர் எழுதுகிறார்கள்.

இருக்கலாம். ஆனால் எஃப்-119 படையில் சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. உந்துவிசை சோதனை மேடையில் ஒரே நாளில் தெரிந்துவிடும். எத்தனை ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும், கடல் உப்பிலும் பாலைவனத் தூசியிலும் பிளேடு என்ன ஆகும் என்பதைச் சொல்லக் காலம்தான் வேண்டும்.

இன்னொரு தராசு பயணிகள் விமானம். போர் விமான எஞ்சின் சில நூறு மணி நேரத்தில் பட்டறைக்குப் போனாலும் படை பொறுத்துக்கொள்ளும். விமான நிறுவனம் பொறுக்காது. 2023 மே 28 அன்று முதல் வணிகப் பயணம் போன சீனாவின் சி-919, அமெரிக்க-பிரெஞ்சுக் கூட்டு நிறுவனமான சி.எஃப்.எம். தரும் லீப் எஞ்சினில்தான் பறக்கிறது. 2025இல் வர்த்தகச் சண்டை முற்றியபோது வாஷிங்டன் எஞ்சின் தொடர்பான ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, பிறகு திறந்துவிட்டது. குழாயின் திருகு இன்னும் யார் கையில் என்று அந்தச் சில வாரங்கள் காட்டின. லீப்புக்குப் பதிலாகச் சீனா தயாரிக்கும் சிஜே-1000ஏ சோதனையில் இருக்கிறது.

நம்பிக்கை 5: “எல்லாம் பணம். நாமும் கொட்டியிருந்தால் செய்திருப்போம்.”

உண்மை: பணம் உண்டு. 2016இல் விமான எஞ்சினுக்கென்றே தனி அரசு நிறுவனத்தைச் சீனா பிரித்தெடுத்தது. மூலதனம் 5,000 கோடி யுவான், ஊழியர்கள் ஏறக்குறைய 96,000 பேர். நம் தேஜஸ் போர் விமானத்துக்காகத் தொடங்கிய ‘காவிரி’ எஞ்சினுக்கு 1989இல் ஒதுக்கியது சுமார் 383 கோடி ரூபாய். அவர்கள் மலைப் பெயர் வைத்தார்கள், நாம் ஆற்றுப் பெயர் வைத்தோம். தொடங்கிய காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் பணத்துக்குச் சமமாகக் கனக்கும் வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சோதனை வசதி. வானத்து உயரத்தின் காற்றழுத்தத்தைத் தரையிலேயே உருவாக்கி எஞ்சினை ஓட்டும் கூடத்தைச் சீனா சிச்சுவான் மாகாணத்து ஜியாங்யூவில் கட்டிக்கொண்டது. காவிரி 2010இல் மாஸ்கோ அருகே, ரஷ்யாவின் ஐ.எல்-76 விமானத்தில் ஏறித்தான் முதன்முதலாகப் பறந்து பார்த்தது. இன்னொன்று, தவறு செய்ய இடம். தைஹாங் விழுந்து எழுந்து பழக இரட்டை எஞ்சின் விமானங்களின் ஒரு படையே இருந்தது. காவிரி பொருந்த வேண்டிய தேஜஸோ ஒற்றை எஞ்சின் விமானம், அதுவும் புத்தம் புதியது. நடை பழகும் குழந்தையைக் கம்பி மேல் நிறுத்தியது போல. 2008இல் இரண்டையும் பிரித்தார்கள். தேஜஸ் அமெரிக்க எஃப்-404 எஞ்சினில் பறக்கிறது.

2024 டிசம்பர் 26 அன்று, மாவோவின் பிறந்தநாளில், செங்டு வானத்தில் வால் இல்லாத புதிய விமானம் ஒன்று தென்பட்டது. படங்களைப் பார்த்தவர்கள் பின்பக்கத்தை எண்ணினார்கள்: மூன்று எஞ்சின்கள். இரண்டின் விசை போதாமல் மூன்றாவதைச் சேர்த்தார்களா, பெரிய உடலுக்கும் உயரத்துக்கும் அது தேவைப்பட்டதா என்று விவாதம் நடக்கிறது. அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ உங்கள் கைப்பேசிக்கு வந்தால், “காப்பி” என்று சிரிப்பதற்கும் “அம்மாடியோ” என்று வாய் பிளப்பதற்கும் முன்னால் பின்பக்கத்தைப் பாருங்கள். எத்தனை எஞ்சின், யாருடையது, அதை ஒற்றையாக நம்பி எவ்வளவு காலமாகப் பறக்கிறார்கள் என்று கேளுங்கள்.