சோளத் தட்டையிலிருந்து எரிசாராயம்: வித்துத் தேர்வைப் பற்றிய ஒரு பாடம்

கரிசல் பூமியில் சோளம் முற்றுங்காலத்தில் சிறுவர்கள் தட்டையை ஒடித்துக் கரும்புபோல் மெல்லுவதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரே புன்செயில் ஒரு தட்டை சாறு மிகுந்து தித்திக்கும். அடுத்தது நெட்டிபோல் உலர்ந்திருக்கும். ஒரே நிலத்தில் அடுத்தடுத்து நிற்பவற்றுள் இவ்வேற்றுமை காண்பதற்கு முக்கிய காரணம் வித்தேயாகும். மோட்டார் வண்டிகளுக்கான எத்தனால் என்னும் எரிசாராயத்தைச் சோளத்திலிருந்து எடுக்கும் முயற்சிக்கு இதுவே அடிப்படை.

அடையாளம் யாதெனில்: இலையின் நடுநரம்பு வெண்மையாயிருப்பின் தட்டை உலர்ந்தது, மங்கிய பசுமையாயிருப்பின் சாறுள்ளது. உலர்ந்த செடியின் உட்பாகத்தில் காற்று நிறைந்திருப்பதே வெண்மைக்குக் காரணம். இவ்விரண்டையும் இனக்கலப்புச் செய்தால் முதல் தலைமுறை யாவும் வெண்ணரம்பாகவே வரும். அதன் வித்தை விதைத்தால், ஏறக்குறைய நான்கில் ஒரு செடி சாறுள்ளதாய் வெளிப்படும். கோயமுத்தூரில் ஜி. என். ரங்கசாமி ஐயங்காரும் உடனிருந்தோரும் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் சோளத்தின் குணங்கள் சந்ததிக்கு இறங்கும் முறையை விரிவாக ஆராய்ந்தனர்.

ஆயினும் சாறு வேறு, தித்திப்பு வேறு. தித்திப்பு பல காரணிகளால் அமைவதாதலின் ஒரே தலைமுறையில் நிலைபெறாது. ஆகவே, சாறுள்ள செடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் சாற்றையும் பிரிக்ஸ் மானியால் அளந்து, உயர்ந்தவற்றின் வித்தை மட்டும் பல தலைமுறை காத்தல் வேண்டும். நல்ல ரகங்களில் 15 முதல் 20 பாகை வரை காணலாம். சோளத்தில் அயல் மகரந்தம் ஓரளவு கலக்குமாதலால், பூக்குமுன்னரே கதிருக்குக் காகித உறை இடுதல் அவசியம்.

இவ்வழியில் வந்தவையே எஸ்.எஸ்.வி. 84 என்னும் ரகமும், சி.எஸ்.எச். 22 எஸ்.எஸ். என்னும் கலப்பினமும். கலப்பின வித்தை வீட்டில் எடுத்து மறுமுறை விதைப்பது பயன்தராது. கரும்பு 10 முதல் 12 மாதம் நிற்கச் சர்க்கரைச் சோளம் சுமார் 4 மாதத்தில் முடியும், நீரும் குறைவே. ஒரு டன் தட்டைக்கு ஏறக்குறைய 40 லிட்டர் எரிசாராயம் கிடைக்கும். கதிர் வீட்டிற்கும், சாறு ஆலைக்கும், சக்கை மாட்டிற்கும் ஆகுமென்பது இதன் சிறப்பு. 2018-ஆம் வருஷத்து தேசிய உயிர்எரிபொருள் கொள்கையும் இதனை மூலப்பொருள்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

எனினும் அவசரப்படலாகாது. வெட்டிய தட்டையில் சர்க்கரை விரைவில் குறையுமாதலால், ஒரு நாளைக்குள் பிழிதல் வேண்டும். நமது மானாவாரியிலோ புரட்டாசி விதைப்பு முழுதும் ஒரே சமயத்தில் முற்றும்; ஆலைக்குச் சில வாரமே வேலை, பிறகு ஓய்வு. பயிரின் குறையினும் இக்குறையே பெரிது. ஆலை தூரத்திலிருப்பின் வண்டிக்கூலி லாபத்தை விழுங்கிவிடும்.

ஆதலால் குடியானவர் கவனிக்க வேண்டியவை:

1. வாங்குவோருடன் எழுத்துமூலமான உடன்படிக்கை இன்றிச் சர்க்கரைச் சோளத்தைப் பெருமளவில் விதைக்கலாகாது.

2. தானியத்திற்கும் தீவனத்திற்கும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தின் கே 12 போன்ற ரகங்களையே முதன்மையாகக் கொள்க. 1901-இல் ஏற்பட்ட அந்நிலையம் இக்கரிசலுக்கென்றே உழைத்து வருகிறது.

3. எவ்வகைச் சோளமாயினும், இளம்பயிரையும் வறட்சியில் வாடிய பயிரையும் மாடு மேயவிடலாகாது. அதிலுள்ள நஞ்சு உயிரைப் போக்கும்.

4. சோதித்தறிய விரும்புவோர் சில சென்ட் மாத்திரம் விதைத்து, நடுநரம்பைப் பார்த்துச் செடிகளைக் குறித்து வைப்பாராக.

கிராம அதிகாரிகள், ஆலை வருமென்று சொல்லிக் குடிகளை அழைப்போரிடம் ஒன்றைக் கேட்டறிதல் நலம்: தை மாதத்துத் தட்டை தீர்ந்தபின் மற்ற மாதங்களில் ஆலைக்கு எதை அரைப்பீர்கள்? தக்க விடை கிடைத்தபின் விதைக்கலாம். கிடைக்காவிடில், மாட்டுக்கு வேண்டிய தட்டையை நம்பாத ஒன்றிற்குப் பணயம் வைக்க வேண்டுவதில்லை.