நூலகமே கல்லூரி

கல்லூரியிற் சேர்ந்து பயிலப் பொருள் இல்லாதவர் கல்வியைக் கைவிட வேண்டுவதில்லை. பொது நூலகம் உள்ள ஊரில் அவர்க்கும் ஒரு கல்விச்சாலை உண்டு. அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. ஏழை, செல்வர் என்னும் வேற்றுமையும் இல்லை. அக்கல்விச்சாலையிற் பயின்று உலகப் புகழ் எய்தியவர் அமெரிக்க எழுத்தாளராகிய ரே பிராட்பரி.

பிராட்பரி 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள், இல்லினாய் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள வாக்கீகன் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கம்பங்களில் ஏறிக் கம்பி அமைக்கும் தொழிலாளர். எளிய அக்குடும்பத்துச் சிறுவர்க்கு ஊர் நூலகமே பெருஞ்செல்வமாக விளங்கியது. பழங்காலத்தில் எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியா நகரத்துப் பெருநூலகம் தீக்கு இரையான செய்தியை ஒன்பதாம் வயதில் அறிந்து, தாம் அழுததாகப் பின்னாளில் அவர் கூறியுள்ளார். 1933ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் செருமனியில் நாசிக் கட்சியைச் சார்ந்த மாணவர்கள் ஆயிரக்கணக்கான நூல்களைத் தெருவிற் குவித்துக் கொளுத்தினர். இச்செய்தியும் அவர் உள்ளத்தைச் சுட்டது. நூலை எரிப்பவன் மனிதனையே எரிக்கிறான் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

1934ஆம் ஆண்டில் அவர் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குடியேறியது. அஃது அமெரிக்க மக்கள் வேலையின்றி வாடிய காலம். 1938ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்த பிராட்பரிக்குக் கல்லூரிக்குச் செல்லப் பொருள் இல்லை. அவர் தெருமுனையில் நின்று செய்தித்தாள் விற்றார். வாரத்தில் மூன்று நாள் நூலகம் சென்று படித்தார். ஓர் ஆண்டன்று, ஈராண்டன்று. பத்தாண்டுகள் இவ்வாறு பயின்றார். கதையும் கவிதையும் நாடகமும் கட்டுரையும் அவருக்கு ஆசிரியர்களாயின. தமக்குப் பட்டம் அளித்தது நூலகமே என்று அவர் பெருமையுடன் சொல்வது வழக்கம்.

1950ஆம் ஆண்டளவில் அவர் குழந்தையுள்ள இல்லறத்தார். வீட்டில் அமர்ந்து அமைதியாக எழுத வழியில்லை. தனி அறைக்கு வாடகை தரவும் இயலவில்லை. அப்பொழுது கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் தட்டச்சுப் பொறிகள் வாடகைக்கு இருத்தலை அறிந்தார். பத்து சென்ட்டு நாணயம் ஒன்றை இட்டால் பொறி அரைமணி நேரம் இயங்கும். பிராட்பரி ஒன்பது நாள்கள் அங்கே சென்று, காசு இட்டு இட்டு விரைந்து எழுதினார். களைப்பு வந்தபொழுது மாடிக்கு ஓடி, கைக்கு அகப்பட்ட நூலைப் புரட்டிப் படித்து, ஊக்கம் பெற்று மீண்டார். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட்டு. அதாவது 98 நாணயங்கள், 49 மணி நேரம். அவ்வாறு பிறந்த கதையே பின்னர் விரிந்து, 1953ஆம் ஆண்டில் 'பாரன்ஹீட் 451' என்னும் புதினமாக வெளிவந்தது. தாள் தீப்பற்றும் வெப்பநிலையாக அவர் கொண்ட அளவே நூலின் பெயராயிற்று.

அக்கதையில் வரும் தீயணைப்புப் படையினர் தீயை அணைப்பவர் அல்லர். நூல்களைத் தேடிச் சென்று எரிப்பவர். அவருள் ஒருவனாகிய மாண்டாக் என்பான், தான் எரிக்கும் பொருளில் என்னதான் இருக்கிறது என்று அறிய விரும்பி, நூல்களை ஒளித்து வைத்துப் படிக்கத் தொடங்குகிறான். அவன் மனைவியோ சுவரளவு விரிந்த தொலைக்காட்சித் திரைகளே உலகம் என்று வாழ்கிறாள். மூன்று சுவர்களில் திரை இருந்தும் நான்காம் சுவருக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். அந்நாட்டில் நூல்களுக்கு முதற்கேடு செய்தது அரசு அன்று. மக்களே சுருக்கங்களை நாடினர். தமக்குக் கசந்த கருத்துகளை நீக்கச் சொல்லினர். நாளடைவில் படிக்கும் வழக்கத்தையே விட்டனர். அதன் பின்னரே தீ வந்தது. இதுவே பிராட்பரி விடுத்த எச்சரிக்கை.

இவ்வாறு எழுதியவர் தொலைக்காட்சியை முற்றிலும் வெறுத்தார் என்று கருதுதல் தவறு. 1985 முதல் 1992 வரை அவர்தம் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடர் நிகழ்ந்தது. அதன் 65 கதைகளுக்கும் அவரே நாடக வடிவம் தந்தார். கருவி எதுவாயினும், அது மனிதனைச் சிந்திக்கச் செய்கிறதா, சிந்தனையினின்று விலக்குகிறதா என்பதே அவர் கேட்ட கேள்வி. 2011ஆம் ஆண்டில் 'பாரன்ஹீட் 451' மின்னூலாக வெளிவர இசைந்தபொழுதும், பொது நூலகங்களின் வழியே மக்கள் அதனைப் பெறல் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

2009ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வென்ச்சூரா நகரத்து நூலகம் ஒன்று பணமின்மையால் மூடப்படும் நிலையை அடைந்தது. 88 வயது நிரம்பி, சக்கர நாற்காலியில் இயங்கிய பிராட்பரி அங்குச் சென்று, நிதி திரட்டுதற்காக உரையாற்றினார். எனினும் அவ்வாண்டின் இறுதியில் அந்நூலகத்தின் கதவுகள் அடைக்கப்பட்டன. அங்கே எவரும் தீ வைக்கவில்லை. ஆயினும் ஒரு நூலகம் மக்களுக்கு இல்லாதாயிற்று.

2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள் பிராட்பரி மறைந்தார். அவர் சேர்த்து வைத்த நூல்கள், அவர்தம் விருப்பப்படியே, இளமையில் அவரை வளர்த்த வாக்கீகன் ஊர் நூலகத்தைச் சென்றடைந்தன. பெற்ற கடனை அவர் இவ்வாறு தீர்த்தார். நூல்கள் தீயினால் மட்டும் அழிவதில்லை; எடுத்துப் படிப்பார் இன்மையாலும் அழிகின்றன. ஆதலின் நூலகத்தைக் காக்க விரும்பும் மாணவர் முதற்கண் செய்யத்தக்கது, அங்குச் சென்று ஒரு நூலை எடுத்துப் படித்தலே ஆகும்.