சிவப்பு மணிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: சி.என்.சி. பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர்களுக்குத் தர மேலாண்மை வகுப்பு எடுக்கிறேன். கட்டுப்பாட்டு வரைபடத்தை விளக்கினால் தலையாட்டுகிறார்கள். மறுநாள் ரிஜெக்‌ஷன் கூடினால் பழையபடி ஆபரேட்டரைத்தான் திட்டுகிறார்கள். கணினி சிமுலேஷன் வைத்துப் புரியவைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதல் வகுப்பில் கணினி வேண்டாம். தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் கருத்தரங்குகளில் நடத்திய சிவப்பு மணிச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். அள்ளுவதற்கு 50 குழிகள் உள்ள பலகை. சிவப்பு என்றால் பழுது. சூப்பர்வைசர்கள் ஆறு பேரைத் தொழிலாளர்களாக்கி, ஆளுக்கு நான்கு முறை அள்ளச் சொல்லுங்கள். நீங்கள் மேலாளர். 6 சிவப்பு எடுத்தவரை மெச்சுங்கள். 14 எடுத்தவரைக் கடிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அடுத்த சுற்றிலேயே மெச்சப்பட்டவர் சறுக்குவார், திட்டு வாங்கியவர் தேறுவார். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்பதை எந்தத் திரையும் அவர்களுக்குக் காட்டாது.

பிறகு 24 எண்ணிக்கைகளையும் வரைபடத்தில் குறியுங்கள். சராசரி 10 என்றால் எல்லைகள் ஏறத்தாழ 1.5, 18.5. அநேகமாக எல்லாப் புள்ளிகளும் உள்ளேயே இருக்கும். சிவப்பு வந்தது பெட்டியிலிருந்து. அள்ளிய கையிலிருந்து அல்ல. அந்தப் பெட்டியை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது.

கணினியின் முறை அடுத்த வகுப்பில். புனல் வழியே கோலியை ஓர் இலக்கின் மேல் விழவிடும் டெமிங்கின் புனல் சோதனைக்கு, நூற்றுக்கணக்கான முறை விழவிட வேண்டும். எக்செல் நொடியில் தந்துவிடும். ஒரு வரிசையில் அமைப்பைத் தொடாமல் விடுங்கள். இன்னொன்றில், ஒவ்வொரு பீஸிலும் வந்த பிழைக்கு ஏற்ப ஆஃப்செட்டை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். மாற்றிய வரிசையில் அளவுகளின் திட்ட விலக்கம் சுமார் 41 சதவீதம் கூடும். உங்கள் பட்டறையில் தினமும் நடப்பதும் இதுவாக இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கணினியில் மணிகளை அள்ளினால் சராசரி 10-ஐ ஒட்டியே நிற்கும். நிஜப் பலகை அப்படியில்லை. டெமிங் பயன்படுத்திய ஒரு பலகை 11.3 தந்தது, மற்றொன்று 9.6. கணினி மாதிரி வேறு, பட்டறை வேறு என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, அவர்கள் பிரிவின் சென்ற மாத ரிஜெக்‌ஷன் கணக்கையே அவர்கள் கையால் வரையச் செய்யுங்கள். எல்லைக்கு வெளியே புள்ளி விழுந்த நாளில் தேய்ந்த டூலா, மாறிய மெட்டீரியலா, பழகாத ஆளா என்று தேடட்டும். உள்ளே விழுந்த நாள்களுக்கு ஆபரேட்டரிடம் விளக்கம் கேட்பதை நிறுத்தட்டும்.