தொழில் தெரிந்த ஆள் எங்கிருந்து வருகிறான்?

ஒரு பெரும்போக அறுவடை நேரம். களஞ்சியத்தில் நெல் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்க, எனது ஆலையின் கலர் சோட்டர் நின்றுவிட்டது. அரிசியிலிருந்து கறுப்பு மணியைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் அது. ஊரில் வயரிங் செய்யும் இருவர் வந்து பார்த்துவிட்டு, "முதலாளி, இது போர்ட் வேலை. கை வைக்கப் பயமா இருக்கு" என்று போய்விட்டார்கள். கொழும்பிலிருந்து ஆள் வந்து சேர நான்கு நாட்கள் பிடித்தன. வந்தவர் ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்தார்.

தேநீர் கொடுத்து, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டேன். நமது அம்பாறை மாவட்டம்தான். படித்ததும் இங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில்தான். "அப்படியென்றால் ஏன் கொழும்பில்?" என்றேன். "ஹாஜியார், படிப்பு முடியிற நேரம் பயிற்சிக்கு இடம் கேட்டு நாலைந்து ஆலைக்கு ஏறி இறங்கினேன். உங்கட ஆலைக்கும் வந்தேன். ஒருத்தரும் எடுக்கல்ல" என்றார். எனக்கு அவரை ஞாபகமில்லை. ஆனால் அப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வியாபாரச் சகோதரர்களே, "வேலை தெரிந்த ஆள் இல்லை" என்பது நாம் தினமும் சொல்லும் பல்லவி. ஆள் இல்லையா, அல்லது ஆள் உருவாகும் இடத்துக்கும் நமது கடைக்கும் பாதை இல்லையா என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

ஒரு பிரதேசத்துக்குத் தேவையான தொழிலாளரை அப்பிரதேசத்துக் கல்லூரிகளே வழங்க வேண்டும் என்பது புதிய சிந்தனையல்ல. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அணை, வாய்க்கால், வீதி, இயந்திரம் என்று எல்லாவற்றுக்கும் நடுத்தரத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் திட்டத்தோடு சேர்ந்தே அம்பாறையில் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் வளர்ந்தது. தேவை எங்கேயோ, பயிற்சியும் அங்கே.

இன்று நமது பகுதியில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதற்படி கைத்தொழில். சம்மாந்துறை தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் போன்றவை மின்சாரம், வெல்டிங், குளிரூட்டி திருத்தல், மோட்டார் மெக்கானிசம் போன்றவற்றைக் கற்பிக்கின்றன. இதற்கு என்.வி.கியூ. என்னும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. மொத்தம் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம்.

இரண்டாம் படி உயர் தேசிய டிப்ளோமா. உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவனங்கள் நடத்தும் எச்.என்.டி.ஏ. கணக்கியல் பாடநெறியை நம்மில் பலர் அறிவோம். கணக்கு எழுதவும், வரிப் படிவம் நிரப்பவும், வங்கியோடு பேசவும் ஏற்ற பிள்ளைகள் இங்கிருந்து வருகிறார்கள்.

மூன்றாம் படி பட்டம். ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று முகாமைத்துவ, வர்த்தக பீடம் முதல் பொறியியல் பீடம் வரை இருக்கின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதி நாடு தழுவியது. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். ஆகவே ஒலுவிலில் படிப்பவர் வேறு மாவட்டத்தவராகவும் இருக்கலாம், பட்டம் பெற்றதும் போய்விடலாம். தொழில்நுட்பக் கல்லூரிக்கு வருபவர் பெரும்பாலும் பஸ்ஸில் வந்து போகும் தூரத்துப் பிள்ளை. வேலை கிடைத்தால் ஊரிலேயே இருப்பார். நாமோ கெம்பஸ் என்றால் எழுந்து நிற்கிறோம், டெக் என்றால் திரும்பியும் பார்ப்பதில்லை.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று, பயிற்சிக்கு இடம் கொடுங்கள். பல பாடநெறிகளில் வகுப்பு முடிந்ததும் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைத்தளப் பயிற்சி உண்டு. அதை முடிக்காமல் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. நான்கு நாள் ஆலை நின்றதில் எனக்குப் போன காசைக் கணக்கிட்டேன். அந்தத் தம்பிக்கு ஆறு மாதமும் கொடுத்திருக்க வேண்டிய படியைவிட அது அதிகம்.

இரண்டு, கல்லூரிக்குப் போய் உங்கள் தேவையைச் சொல்லுங்கள். எந்த இயந்திரம் ஊருக்கு வந்திருக்கிறது என்று நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? பழுதான பழைய போர்ட் ஒன்றை வகுப்புக்குக் கொடுப்பதும் உதவிதான்.

மூன்று, உங்களிடம் இருபது வருடமாக வேலை செய்யும் பாஸுக்கும் சான்றிதழ் எடுத்துக்கொடுங்கள். வகுப்புக்குப் போகாதவரின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை உண்டு. நைற்றா எனப்படும் தேசிய பயிலுனர் அதிகார சபையில் விசாரியுங்கள்.

நான்கு, தனியார் நிறுவனச் சான்றிதழோடு வருபவரிடம், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

"பழக்கிவிட்டால் கட்டாருக்குப் போய்விடுவானே" என்பீர்கள். உண்மை. பொருளாதாரம் சரிந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் நான் பழக்காத பிள்ளையும் கொழும்புக்குப் போனாரே! பழக்கியவர் போனால், அவரிடம் பழகிய இன்னொருவராவது மிஞ்சுவார். முதல் நாளே சம்பளமும், வருடா வருடம் ஏறும் தொகையும் பேசி எழுதிக்கொண்டால் நிற்பவர் தொகையும் கூடும். பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு விசுவாசம் கேட்பது வியாபாரமாகாது.

அடுத்த மாதமே நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டு பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். ஒருவர் பயிற்சி முடிந்து போய்விட்டார். மற்றவர் இன்றும் என்னிடம்தான் இருக்கிறார். சென்ற சிறுபோகத்தில் அதே கலர் சோட்டர் மீண்டும் நின்றபோது, கொழும்புத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்து அவர் சொல்லச் சொல்லத் திருத்தினார். பகல் சாப்பாட்டுக்கு முன் ஆலை ஓடியது.

உங்கள் வாசலுக்கும் ஒரு பிள்ளை பைலோடு வரும். திருப்பி அனுப்புமுன் உட்காரச் சொல்லி, என்ன படித்தாய் என்றாவது கேளுங்கள்.