மருந்தும் சோதனையும்

இரவும் பகலும் ஓய்வறியாது உழைக்கும் உறுப்பு இதயம். அதன் தசையிலும் அழற்சி தோன்றுவதுண்டு. பெரும்பாலும் வைரஸ் கிருமியே அதற்குக் காரணமாகும். சிலரிடம் இந்நோய் சுவடின்றி நீங்கிவிடும்; நலமாயிருந்த இளைஞர் சின்னாளில் மூச்சுத் திணறி வீழ்தலும் உண்டு.

இதற்கு மருந்து தேடியோர் பிரட்னிசோனை எண்ணினர். அதன் இனமாகிய கார்ட்டிசோன், 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூட்டழற்சியால் முடங்கிக் கிடந்தோரை எழுந்து நடக்கச் செய்தது. மூட்டில் அழற்சியைத் தணித்த மருந்து இதயத்திலும் தணிக்கும் எனக் கருதியது இயல்பே. ஆயினும், அழற்சி என்பது உடல் தன் பகையோடு செய்யும் போருமாகும். பகைவன் கோட்டைக்குள் இருக்கையில் நம் படையை அடக்குதல் தகுமா? இவ்வையம் எளிதில் தீர்வதன்று.

ஜே மேசன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடன் உழைத்தோரும் 111 நோயாளரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். ஒரு சாரார்க்கு வழக்கமான மருத்துவம் மட்டும் அளித்தனர். மறுசாரார்க்கு அதனோடு பிரட்னிசோனையும், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறொரு மருந்தையும் 24 வாரம் அளித்தனர். எவர் எச்சாரார் என்பது திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் முடிவாயிற்று. நோயுற்றாருள் சிலர்க்கு மருந்தை மறுத்தல் கொடுமையன்றோ என்று நீங்கள் வினவலாம். அது நன்மை தருமா, தீமை தருமா என எவரும் அறியாத நிலையில் அதனை மறுப்பு என்பது பொருந்தாது.

முடிவு 1995ஆம் ஆண்டு வெளியாயிற்று. நலமுடையார்க்கு இதயத்தின் இடக் கீழறை, தன்னுள் நிறைந்த குருதியில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும். இந்நோயாளர்க்கு அது தொடக்கத்தில் நூற்றுக்கு 25 பங்காகவே இருந்தது. 28ஆம் வாரத்தில் 34 ஆக உயர்ந்தது. மருந்து வென்றது எனக் கூறத் தோன்றுகிறதன்றோ? ஆனால், அதனை உண்ணாதவரும் அவ்வாறே தேறியிருந்தனர்! உயிர் பிழைத்தலிலும் இரு சாராரிடையே வேறுபாடில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மறுசாரார் இல்லாதிருப்பின் காக்கைக்கே புகழ் சேர்ந்திருக்கும்.

இத்துடன் மருந்தைக் கைவிட்டாரில்லை. 2009ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நோய் நெடுங்காலம் நீடித்தவராய், இதயத் தசைத் துணுக்கை ஆராய்ந்தபோது வைரஸின் தடயம் காணப்படாதவராய் உள்ள 85 பேரை மட்டுமே அவர்கள் தேர்ந்திருந்தனர். பிரட்னிசோனும் அசத்தியோபிரினும் உண்டவர் 43 பேர். அவருள் 38 பேர்க்கு இதயம் வலுப்பெற்றது. ஏனையோர்க்கு மருந்துபோல் தோன்றும் வெறுங்குளிகையே அளிக்கப்பட்டது. அவருள் ஒருவரும் தேறவில்லை.