அட்டையைப் பிரித்துப் படிப்போம்: ஜிம்ப் உதவியுடன் ஒரு பாடம்

கல்லூரி ஆண்டு மலர், சங்கத்தின் விழா மலர், நண்பர்கள் நடத்தும் மெல்லிசைக் குழுவின் சிறு இதழ் என்று எதுவானாலும், "நீதான் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாயே, அட்டையை நீயே செய்து கொடு" என்று நம் தலையில் கட்டி விடுவார்கள். நாமும் இருக்கிற எழுத்துருக்களை எல்லாம் கொட்டி, எல்லாவற்றுக்கும் நிழல் கொடுத்து, வானவில் நிறம் பூசி முடித்து விடுகிறோம். அதற்கு முன் நல்ல அட்டை ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். புரோகிராம் எழுதப் பழகுகிறவர் அடுத்தவர் எழுதிய கோடைப் படிப்பது போலத்தான் இது. இந்தப் பாடத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருள் போதும்.

ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழின் இரண்டு அட்டைகளை எடுத்துக் கொள்வோம். 1967-ல் சான் பிரான்சிஸ்கோவில் யான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் தொடங்கிய இதழ் இது. முதல் அட்டை, நவம்பர் 9, 1967 தேதியிட்ட முதல் இதழினுடையது. அடுத்தது ஜனவரி 22, 1981 தேதியிட்டது. இரண்டிலும் இருப்பவர் ஒருவரே: பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன். இணையத்தில் தேடினால் இரண்டும் கிடைக்கும். கொஞ்சம் பெரிய அளவுப் படமாகப் பார்த்துச் சேமித்துக் கொள்ளுங்கள். படித்துப் பார்க்க மட்டும்தான். அந்தப் படங்களை உங்கள் இதழில் போட்டு விடாதீர்கள், உரிமை அவர்களுடையது.

முதல் அட்டையை ஜிம்ப்பில் திறந்து, இடது பக்க ரூலரில் மவுஸை அழுத்திப் பிடித்தபடி படத்தின் மீது இழுங்கள். ஒரு கைடு கோடு வரும். பத்திகளின் ஓரங்களில் இப்படி ஒவ்வொரு கோடாக வைத்தால் உங்களுக்கே தெரிந்து விடும், இது செய்தித்தாளின் முதல் பக்கம். பத்தி பத்தியாகச் செய்தி, நடுவே ஒரு திரைப்படத்தில் லென்னன் ராணுவ வீரராக நடித்த புகைப்படம், மேலே இதழின் பெயர். அந்தப் பெயரின் எழுத்து வடிவத்தை வரைந்தவர் சைகடெலிக் போஸ்டர்களுக்குப் பெயர் பெற்ற ரிக் கிரிஃபின். அவர் வரைந்து முடிக்காத நிலையிலேயே அதை எடுத்து அச்சிட்டு விட்டார்களாம். 25 சென்ட் விலைக்கு விற்ற இதழ் அது. அட்டை என்று தனியாக ஒன்றை ஒதுக்காமல் முதல் பக்கத்திலேயே செய்தியைத் தொடங்கி விட்டார்கள். இதில் பார்க்க இவ்வளவுதான்.

இரண்டாவது அட்டையில்தான் வேலை இருக்கிறது. டிசம்பர் 8, 1980 அன்று நியூயார்க்கில் டகோட்டா கட்டடத்தில் இருந்த லென்னன் வீட்டில் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம் இது. லென்னன் ஆடையின்றி, குழந்தை போல உடலைச் சுருட்டி, மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக் கொண்டிருக்கிறார். யோகோ முழு ஆடையுடன் மல்லாந்து படுத்திருக்கிறார். பத்திரிகைக்கு லென்னன் மட்டும் இருக்கும் படம்தான் வேண்டியிருந்தது. யோகோவும் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தவர் லென்னன். அன்றிரவே அந்தக் கட்டடத்தின் வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த விவரத்தை ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்து விட்டு, படத்தை வெறும் வடிவமாகப் பார்ப்போம். இமேஜ் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து ஒரு நகல் எடுங்கள். நகலில் கலர்ஸ் மெனு சென்று டிசாச்சுரேட் மூலம் நிறத்தை நீக்குங்கள். பிறகு ஃபில்டர்ஸ், ப்ளர், காஷியன் ப்ளர். படத்தின் அகலம் ஆயிரம் பிக்ஸல் என்றால் அளவை 20 அல்லது 30 வைத்துப் பாருங்கள். முகம், விரல் எல்லாம் கரைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும்.

என்ன தெரிகிறது? யோகோவின் கறுப்பு மேலாடையும் விரிந்த கூந்தலும் கருந்திட்டாக முதலில் கண்ணில் படும். உலகமே அறிந்த லென்னனின் உடலோ வெளிர் நிறத் தரைவிரிப்போடு ஏறக்குறைய கலந்து விடுகிறது. பிரபலமானவரைத்தான் பளிச்சென்று காட்ட வேண்டும் என்பது அட்டைகளின் பொது விதி. இங்கே அவர் பின்னணியில் கரைகிறார். கெட்டியான பொருளாக நிற்பது அவர் பற்றிக் கொண்டிருக்கும் பெண். "இவர் இவளைச் சார்ந்திருக்கிறார்" என்பதை ஒரு வார்த்தையும் இல்லாமல் வெளிச்சமே சொல்லி விடுகிறது. என் கருத்தில் இந்த அட்டையின் ரகசியம் இதுதான்.

நிறத்தையும் பார்த்து விடலாம். மூலப் படத்திலிருந்து இன்னொரு நகல் எடுத்து, இமேஜ், மோட், இண்டெக்ஸ்டு சென்று, ஜெனரேட் ஆப்டிமம் பேலட் என்பதில் 6 என்று கொடுங்கள். படம் ஆறே நிறத்தில் வந்து விடும். அப்படியும் பெரிதாக எதையும் இழந்தது போலத் தோன்றாது. உங்கள் விழா மலர் அட்டைக்கும் இதைச் செய்து பாருங்கள், வித்தியாசம் புரியும்!

இனி எழுத்து. இதழின் பெயர், சிறிய எழுத்தில் இதழ் விவரம், அவ்வளவுதான். கட்டுரைத் தலைப்பு ஒன்றுகூட இல்லை. கடையில் விற்க வேண்டிய இதழுக்கு இது பெரிய துணிச்சல். ஆனால் அன்று லென்னன் இறந்த செய்தி தெரியாதவர் யாரும் இல்லை. எழுதினால் தெரிந்ததையே திரும்பச் சொன்னதாகியிருக்கும். நம் ஊர் நினைவு மலர்களில் கண்ணீர்த் துளி, குத்துவிளக்கு, மாலை, வானத்து மேகம் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் ஒட்டுகிறோமே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்காகப் பெயரே போடாமல் விடவும் கூடாது. உங்கள் ஊர் நாதஸ்வரக் கலைஞரை வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அங்கே பெயரும் வருடங்களும் அவசியம். வாசகருக்கு முன்பே என்ன தெரியும் என்பதைக் கேட்டு விட்டுத்தான் எழுத்தைக் குறைக்க வேண்டும். 2005-ல் அமெரிக்க இதழாசிரியர் சங்கம் முந்தைய 40 ஆண்டுகளின் சிறந்த அட்டைகளைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது.

மற்ற நாளில் விதிகளை மீற முடியாது. 1986 முதல் 2020 வரை லண்டனில் இருந்து வந்த க்யூ இதழைப் பாருங்கள்: சிவப்புச் சதுரத்தில் வெள்ளை எழுத்தாக அதன் பெயர் இடது மேல் மூலையில் இருக்கும். கடை அடுக்கில் ஒரு இதழை மற்றொன்று மறைத்தாலும் பெரும்பாலும் அந்த மூலை வெளியே தெரியும். அட்டையில் பார்கோடு தேவைப்பட்டால் அதற்கும் முதலிலேயே வெள்ளை இடம் ஒதுக்குங்கள். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இதழ்களின் 13 இலக்க பார்கோடு 977 என்று தொடங்கும். அடுத்த ஏழும் ஐஎஸ்எஸ்என் எண்ணின் முதல் ஏழு இலக்கங்கள், கடைசி இலக்கம் சரிபார்க்க. என்னைப் போன்ற புரோகிராமர்களுக்கு அட்டையில் பிடித்த இடம் அதுதான்!

சொந்த அட்டை செய்யும்போது ஏ4 அளவுக்கு 300 டிபிஐ கணக்கில் 2480 x 3508 பிக்ஸல் வேண்டும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு இடம் சேர்த்தால் 2551 x 3579. படம், பெயர், தலைப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில் வையுங்கள். முடித்ததும் ஒரு நகலை 100 பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கி, பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எக்ஸ்சிஎஃப் கோப்பை மட்டும் அழித்து விடாதீர்கள். அச்சுக்குப் போகும் கடைசி நாளில் சிறப்பு விருந்தினர் பெயரை மாற்றச் சொல்லி ஃபோன் வரும்.