மனசு மட்டும் போதுமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

"சமூகப்பணிக்கு மனசு இருந்தால் போதும் சார், எழுத்தெல்லாம் ஆபீஸ்காரங்க வேலை." களப்பயிற்சிக்குக் காஞ்சிபுரம் வரும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தாரோ! சுத்தப் பொய்.

ஃபரிதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகள் இருப்பதாக 1982-இல் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே ரிட் மனுவானது. நேரில் பார்த்துவர நீதிமன்றம் ஆட்களை அனுப்பியது. அவர்கள் தந்த அறிக்கைக்குச் சாட்சிய மதிப்பே கிடையாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிபதி பகவதி அதை ஏற்கவில்லை. குவாரித் தொழிலாளிக்காக நீதிமன்றத்தில் நின்றது எழுத்துதான்.

நம் ஊருக்கு வருவோம். பட்டுத்தறியில் நெய்யும் கோர்வைப் புடவையில் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. கரை நாடாவைத் தள்ள நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்தது பல வீடுகளில் சிறுபிள்ளைதான். பட்டுத்தொழிலில் சிறுவர் உழைப்பு பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

அப்படி ஒரு பையனைப் பார்த்துவிட்டு மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "வறுமைச் சூழலால் குழந்தை உளவியல் பாதிப்புக்கு உள்ளாகியுள்ளது." இதை வைத்துக்கொண்டு கோட்டாட்சியர் என்ன செய்வார்? "அப்பா தறி முதலாளியிடம் ஆறாயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அது தீரும்வரை வேறு தறிக்குப் போகக்கூடாதாம். பையன் காலை ஏழு மணிக்குத் தறியில் உட்காருகிறான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது" என்று எழுதியிருந்தால் கோப்பு நகரும். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தேடுவது முன்பணத்தையும் அதனால் பறிபோன சுதந்திரத்தையும்தான். அது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். 15-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இவ்வளவு வலுவான சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு "உளவியல் பாதிப்பு" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்!

மற்றவை சில்லறைப் பொய்கள். கனமான சொல் போட்டால் மதிப்பு கூடுமாம், கூடாது. ராத்திரி ஞாபகமாக எழுதிக்கொள்ளலாமாம். முதலில் மறப்பதே தொகையும் தேதியும்தான். பிள்ளையின் படத்தை வாட்ஸப்பில் போட்டால்தான் ஊர் நம்புமாம். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போடட்டும், ஆறு மாதம்வரை சிறை இருக்கிறது.

ஆங்கிலத்தில் இருந்தால்தான் அறிக்கை என்பதை மட்டும் என்னால் சும்மா விட முடியாது. பிள்ளையார்பாளையத்து நெசவாளி தமிழில் சொல்கிறார், தாலுகா அலுவலகமும் தமிழில்தான் கோப்பு எழுதுகிறது. நடுவில் இந்த மாணவர்கள் எதற்கு அரைகுறை ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்? முதல் படியைத் தமிழிலேயே எழுதுங்கள். அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்துக்காட்டுங்கள். "ஆறாயிரம் இல்லைங்க, நடுவுல கல்யாணத்துக்கு இன்னொரு ரெண்டாயிரம் வாங்கினோம்" என்று அந்த அம்மா திருத்துவார். அதை ஏற்றி எழுதிய பிறகு பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் மொழிபெயர்த்துக் கொடுங்கள்.